ரும்பாவுக்கு ஒரு மாட்டு மணி

“சனிக்கிழமை டான்ஸுக்குள்ள ரும்பாவுக்கு அந்த மணிச் சத்தம் சரியா வரலேன்னா, சிங்கப்பூர்லேருந்து வேற டிரம்மரைக் கூப்பிட்டுக்குவேன் லா,” என்றார் எங்கள் பேண்ட் மாஸ்டர். கிள்ளான்காரர், டிரம்பெட் வாசிப்பவர். சொன்னால் செய்துவிடுகிற மனிதர்.

ரும்பா என்கிற கியூபா டான்ஸ் இசை அப்போது கோலாலம்பூருக்குப் புதுசு. நான் பகலில் ரயில்வே பட்டறையில் பிட்டர், சனிக்கிழமை சாயங்காலம் டான்ஸ் ஹாலில் டிரம்மர். பட்டறையில் என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மேடையில் எனக்குப் பெயர் இருந்தது. அந்த இடத்தை விட எனக்குத் துளியும் மனமில்லை.

மாஸ்டர் ஒரு ரும்பா ரிக்கார்டைப் போட்டுக் காட்டினார். டிரம்முக்கு நடுவே ‘டொக், டொக்’ என்று ஒரு மணி. அடித்த உடனே அடங்கிவிடுகிறது. அப்படி ஒன்று எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. சைக்கிள் பெல்லை அடித்தேன். “யாரோ வழி கேக்குறான் பாரு,” என்றார் பியானோக்காரர். பூசை மணியை அடித்தேன். சாக்ஸபோன்காரர் வாசிப்பதை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் பால்காரரின் கொட்டகைக்குப் போய், ஒவ்வொரு மாட்டின் கழுத்து மணியையும் குச்சியால் தட்டிப் பார்த்தேன்.

“மாடு பாக்க வர்றவன் பல்லைப் பாப்பான் தம்பி. நீங்க என்ன மணியைப் பாக்குறீங்க?”

“ரும்பாவுக்குண்ணே.”

“அது எந்த ஊர் மாடு?”

ஒரு செவலைப் பசுவின் மணி ‘டொக்’ என்றது. கெஞ்சி வாங்கி வந்து, நாக்கைக் கழற்றி, வீட்டில் ஸ்டாண்டில் மாட்டி அடித்தால் ‘டொய்ங்ங்’ என்று தெருமுனை வரை போகிறது. வாரம் முழுக்க அடித்தும் காரணம் பிடிபடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. பட்டறையிலிருந்து வந்து பார்த்தால், என் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் அந்த மணி. மேலே கெட்டியாகச் சந்தனம், இறுக்கிச் சுற்றிய பூச்சரம்.

“இதுக்கு எதுக்கு இவ்வளவு?” என்று விரலால் சுண்டினேன். டொக்.

மணியோடு ஒட்டியிருந்து சத்தத்தை அடக்கிய பசுவின் கழுத்து செய்த வேலையைச் சந்தனமும் பூவும் செய்திருந்தன.

“வாரம் பூரா என் காதைத் தின்னுச்சே, அதான் கொஞ்சம் கூடுதலாவே அப்பினேன்,” என்றாள் என் மனைவி. குச்சியை எடுக்கப் போனேன். “பூசையில வச்சதை இன்னிக்குத் தொடக் கூடாது. நாளைக்குக் காலையில எடுங்க.” அன்று மாலை முழுவதும் அந்த மணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சந்தனம் பூவோடு அப்படியே ஹாலுக்குக் கொண்டுபோனேன். “என்னய்யா, கோயிலையே தூக்கிட்டு வந்துட்டியா?” என்றார் மாஸ்டர். இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் டிரம்பெட்டை எடுத்தார்.

மூன்றாவது பாட்டில் பூ உதிர்ந்தது, காய்ந்த சந்தனம் பெயர்ந்து விழுந்தது, மணி மறுபடி ‘டொய்ங்’ என்றது. பதறிப்போய் இடது உள்ளங்கையால் அமுக்கினேன், அடங்கியது. கையை எடுத்தால் ஒரு சத்தம், வைத்தால் ஒரு சத்தம். மாஸ்டர் திரும்பிப் பார்த்து, “இதையே வச்சுக்க,” என்றார். சிங்கப்பூர் ஆள் வரவே இல்லை.

மணி வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று பார்க்காதீர்கள், எப்போது வாயை மூடுகிறது என்று பாருங்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இந்த ஞானத்தை என் மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து போய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள்.

“சந்தனம் கொஞ்சம் மிச்சமிருக்கு. அப்பட்டுமா?”