இடுப்பளவுத் தண்ணீரில் தொலைந்த பம்புச் சக்கரம்

ஆறேழு வருடங்களுக்கு முன்னால், ஒரு மார்கழி மாதக் காலையில், பழவேற்காடு ஏரியின் நடுவில் நடந்த சம்பவம் இது. அன்றைக்கு நான் போட்ட கூச்சல் கரையிலிருக்கும் கோட்டைக்குப்பம் வரை கேட்டது என்று சொல்கிறார்கள். அது பொய். அதைத் தாண்டியும் கேட்டிருக்கும்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், மீஞ்சூரில் இருக்கிறார். அவரிடம் அறுபது வயதைத் தாண்டிய ஒரு கார் உண்டு. கறுப்பு நிறம், உருண்டை விளக்குகள், கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்தியது போல ஒரு சத்தம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் காரை அலங்கரித்து ஓட்டுவதுதான் மச்சானின் பிழைப்பு. மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை பிறந்துவிட்டால் வரிசையாக முகூர்த்தம்.

அந்த மார்கழியில் பார்த்துக் காரின் தண்ணீர் பம்பு செத்துப்போனது. கழற்றிப் பார்த்தால், என்ஜினைச் சுற்றித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டிய, உள்ளங்கை அளவுச் சக்கரம் சரிபாதியாக உடைந்து கிடந்தது. அது இல்லாமல் வண்டியை எடுத்தால் மண்டபம் போய்ச் சேர்வதற்குள் என்ஜின் கொதித்து, மாப்பிள்ளைக்கு ஆவி பறக்கும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் அந்த உடைசலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த வண்டி இன்னும் ஓடுதா சார்? நானே இப்பத்தான் கேள்விப்படறேன்” என்று கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். நான் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் போல்ட், நட் எண்ணிக் கொடுக்கிறவன். அதனால் எங்கள் குடும்பத்தில் என்னைப் பாதி என்ஜினீயர் என்று நம்புகிறார்கள். நானும் மறுத்ததில்லை. கூட வேலை செய்கிற ஒருவர் சொன்ன தகவலை வைத்துக்கொண்டு, “பழவேற்காட்டுல ஒரு படகு ஆசாரி இருக்காராம் மச்சான். படகத் தள்ற என்ஜின் விசிறிக்கு மரத்துல அச்சு செதுக்கறவர். அந்த அச்ச வச்சு மண்ணுல வார்த்து எடுத்துடலாம். எங்கிட்ட வுடுங்க” என்று மார்தட்டினேன்.

மச்சான் அந்த இரண்டு துண்டுகளையும் ஒரு காகிதத்தில் சுற்றி, மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். “மாப்ள, இருக்கறது இந்த ஒரு சாம்பிள்தான். இது போச்சுன்னா அளவு எடுக்கக்கூட வழி இல்ல. பத்திரம்.”

“என் உயிர் மாதிரி பாத்துக்கறேன் மச்சான்” என்றேன். என் உயிரை நான் எந்த லட்சணத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்குச் சர்க்கரை பார்க்கும் டாக்டரைக் கேட்டிருந்தால், மச்சான் பையைக் கொடுத்திருக்க மாட்டார்.

பழவேற்காடு போய் விசாரித்தால், ஆசாரி ஏரிக்கு அக்கரையில் ஒரு குப்பத்தில் படகு பழுது பார்க்கிறாராம். ஒரு சின்னப் படகில் ஏறினேன். படகுக்காரர் அதிகம் பேசாத மனிதர். பாதித் தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்று தண்ணீரில் நின்றது. எனக்குள் இருந்த சுற்றுலாப் பயணி விழித்துக்கொண்டான். ஒரு கையில் பை, ஒரு கையில் போனோடு எழுந்து நின்றேன்.

“சார், குந்து சார்” என்றார் படகுக்காரர்.

“ஒரே ஒரு படம் அண்ணே” என்றேன்.

படகு, தண்ணீருக்குள் நட்டிருந்த ஏதோ ஒரு கம்பில் இடித்தது. விழப்போகிறவனுக்கு யோசிக்க நேரம் கிடையாது. எந்தக் கையை விடுவது என்று உடம்பு தானாகவே முடிவு செய்தது. அது போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பையை விட்டுவிட்டது.

“ஐயோ!” என்று போனைப் படகில் போட்டுவிட்டுப் பையின் பின்னாலேயே குதித்தேன். குதித்த பிறகுதான் எனக்கு நீச்சல் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைக் காலை உதைத்து, “காப்பாத்துங்க! காப்பாத்துங்க!” என்று அலறினேன். என் வாழ்க்கையே கண்முன் ஓடியது. அதிலும் பெரும்பாலும் என் மனைவிதான் திட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறை இந்த ஊரில்தான் இருக்கிறது, எனக்கும் அங்கேயே ஓர் ஓரம் கிடைக்குமா என்றெல்லாம் யோசனை போனது.

“நில்லு சார்” என்றார் படகுக்காரர்.

“முடியல அண்ணே!”

“எழுந்து நில்லு சார்ன்றேன்.”

நின்றேன். தண்ணீர் இடுப்பளவு இருந்தது.

வெட்கப்படக்கூட நேரமில்லை. பை! காலால் இங்கேயும் அங்கேயும் துழாவினேன். சேறு கணுக்கால் வரை உள்ளே இழுத்தது. நான் துழாவத் துழாவத் தண்ணீர் டீத்தண்ணீர் ஆனது. படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “நீயே மிதிச்சு மிதிச்சு புதைக்கிறியே சார்!” வேறு வழியில் அளவு எடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கு முந்தின நாளே அந்தச் சக்கரத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, அளவெல்லாம் எழுதி வைத்திருந்தோம். அந்தக் காகிதத்தில்தான் சக்கரத்தைச் சுற்றியிருந்தார் மச்சான்.

அப்போது இரண்டு படகுகளில் ஐந்தாறு பேர் வந்தார்கள். முன்னால் நின்றவருக்குப் பெரிய மீசை.

“யோவ்! இன்னா கூத்துய்யா இது? இன்னைக்கு எங்க பாடு இது. தண்ணிய இப்டி கலக்குனா எறா நிக்குமா?”

அந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. அன்று அந்த இடம் மீசைக்காரர் ஆட்களுடையது. நான் இடித்தது அவர்கள் வலை கட்ட நட்டிருந்த கம்பு. வேறு யாரும் அன்று அங்கே கையைக்கூட நனைக்கக் கூடாது. நானோ முழுதாகவே நனைந்திருந்தேன்.

அழுகையும் இருமலுமாக, “மச்சான் காரு... பம்பு... வுழுந்துடுச்சு” என்றேன்.

“காரு வுழுந்துடுச்சா? ஏரில எப்டிய்யா காரு?” என்று பின்னால் ஒருவர் எட்டிப் பார்த்தார். படகுக்காரர்தான் விஷயத்தைப் புரியும்படி சொன்னார்.

மீசைக்காரர் கேட்டார்: “அது கெடைக்கலன்னா?”

“கார் ஓடாதுண்ணே.”

“காரு ஓடலன்னா?”

“தை மாசம் மச்சான் வீட்ல சோத்துக்கு வழியில்ல.”

அவர் திரும்பித் தன் ஆட்களிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். ஒருவர் வானத்தைப் பார்த்தார், ஒருவர் தலையசைத்தார். பிறகு நட்டிருந்த கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் படகில் போட ஆரம்பித்தார்கள். தேடுவதற்கு இடம் ஒதுக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சற்றுத் தள்ளி ஆழம் குறைந்த பக்கத்தில் நாலு பெண்கள் கையால் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலையெல்லாம் கிடையாது. பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலை எடுத்துப் பறியில் போடுவார்கள். மீசைக்காரர் அவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“யக்கா! இங்க வாங்க! எங்க பாடுதான், நான் சொல்றேன், வாங்க!”

வந்தார்கள். மூத்தவராகத் தெரிந்த பெண்மணி என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார். எவ்வளவு பெரிசு, இரும்பா பித்தளையா. பிறகு, “எங்க வுழுந்த? அங்கியே நில்லு. நவுந்த, அவ்ளோதான். நீதான் எங்களுக்குக் கம்பு” என்றார்.

கம்பானேன். என்னை நடுவில் வைத்து வட்டமாகத் தடவ ஆரம்பித்தார்கள். மார்கழிக் குளிரில் பல் தந்தியடித்தது. எனக்குத் தெரிந்த சாமிகளுக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். தெரியாத சாமிகளையும் விடவில்லை. மனைவியிடம் என்ன சொல்வது என்று மூன்று விதமாக ஒத்திகை பார்த்தேன். மூன்றிலும் கடைசியில், என் வீட்டிலும் மச்சான் வீட்டிலும் இடமில்லாமல், நான் மீஞ்சூர் ரயில் நிலையத்தில்தான் படுத்திருந்தேன்.

நிமிடத்துக்கு ஒரு தரம், “கெடச்சுதாம்மா?” என்று கேட்டேன். பறியைக் கடித்திருந்த வாயிலிருந்து “ம்ஹூம்” என்று மட்டும் வந்தது. பத்தாவது தடவை, மூத்த பெண்மணி பறியை வாயிலிருந்து எடுத்தார்.

“யோவ், உனுக்கு பதில் சொல்ல வாயத் தொறந்தா பறி வுழுந்துடும். செத்த கம்முனு நில்லேன்!”

மீசைக்காரர் ஆட்கள் சிரித்தார்கள். அவர்களும் இறங்கிச் சுற்றிலும் காலால் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒரு செருப்பு கிடைத்தது, என்னுடையது. நீலப் பூப்போட்ட பீங்கான் துண்டு ஒன்று வந்தது. “டச்சுக்காரன் தட்டு” என்று சொல்லி, அதைத் தேய்த்துக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போட்டார்கள். பிறகு மஞ்சள் பை கிடைத்தது. உள்ளே ஒரு பாதி இருந்தது. காகிதம் கூழாகியிருந்தது. இன்னொரு பாதி நழுவிப் போயிருந்தது.

சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. பாதியை வைத்துக்கொண்டு முழுச் சக்கரம் செய்ய முடியுமா என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அந்த மூத்த பெண்மணியின் கை என் கணுக்காலைத் தட்டியது.

“காலத் தூக்கு.”

தூக்கினேன். அந்தக் காலுக்கு அடியில் ரொம்ப நேரமாகவே ஏதோ கூராகக் குத்திக்கொண்டிருந்தது. கிளிஞ்சல் என்று நினைத்து, நகரக் கூடாது என்கிற உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, வீரமாகப் பொறுத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் சேற்றுக்குள் கையை விட்டு, இரண்டாவது பாதியை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“இது மேலயே நின்னுகினு, என்னை கேள்வியா கேக்கற?”

அன்று எழுந்த சிரிப்பில் பூநாரைகள் பறந்தே போய்விட்டன. நானும் சிரித்தேன், அழுதுகொண்டே. கும்பிட்டேன். காசு நீட்டினேன். “கையிலயே வச்சிக்க. துணி நனைஞ்சிருக்கு, போய் மாத்து” என்று அந்த அம்மாள் பறியைக் கடித்துக்கொண்டு போய்விட்டார். மீசைக்காரரும், “மொதல்ல ஆசாரியப் பாரு சார். குந்திகினே போ” என்று வழியனுப்பினார்.

ஆசாரி இரண்டு பாதிகளையும் ஒட்டவைத்துப் பார்த்தார். வார்ப்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், ஒரு நூல் பெரிதாக மரத்தில் அச்சுச் செதுக்கினார். படகு விசிறி வார்க்கிறவர்களிடம் கொடுத்து வார்த்து, லேத்தில் கடைந்து, பம்பில் பூட்டினோம். தை முதல் முகூர்த்தத்துக்கு மச்சானின் கார் மாப்பிள்ளையோடு ஊர்வலம் போனது. என்ஜின் கொதிக்கவே இல்லை.

அதற்கப்புறம் போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். நான் இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கியது, கம்பாக நின்றது, சக்கரத்தின் மேலேயே நின்றது என்று நடித்தே காட்டுவேன். மச்சான் வீட்டிலும் ஒருநாள் அரங்கேற்றம் நடந்தது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

“மாப்ள, அன்னிக்கு அவங்க முறைன்ன இல்ல? அப்ப அவங்க வலை கட்டலையா?”

அவர்கள் கம்புகளைப் பிடுங்கிப் படகில் போட்டது கண்முன் வந்தது. மதியம் வரை பத்துப் பேர் கலக்கிய சேற்றுத் தண்ணீரில் யார் வலை கட்டுவார்கள்? தணிந்த குரலில் அவர்கள் பேசிக்கொண்டது எதைப் பற்றி என்று இத்தனை நாளாக நான் யோசிக்கவே இல்லை. என் பயம், என் கூத்து, என் கதை என்று எல்லாவற்றிலும் நானே நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சானே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்கு ஓட்டினார். மீசைக்காரர் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். எங்களால் அவர்கள் பாடு போனதைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டோம். அந்த இடம் திரும்பவும் அவர்கள் முறைக்கு எப்போது வரும் என்று மச்சான் கேட்டார். “வரும் சார், அது எங்க போவுது” என்றார் அவர். இன்னும் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவரோ என்னைப் பார்த்து, “இதக் கேக்கவா இவ்ளோ தூரம் வந்த? நீ கம்பா நின்னதுல எங்க ஆளுங்களுக்கு ஒரு மாசத்துக்கு சிரிப்பு” என்று பேச்சை மாற்றினார்.

அதற்குள் காரைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. அந்த மூத்த பெண்மணியையும் யாரோ கூட்டி வந்தார்கள்.

“எங்கய்யா அது? காட்டு” என்றார்.

மச்சான் பானெட்டைத் தூக்கினார். “அது பம்புக்குள்ள இருக்கும்மா. வெளிய தெரியாது.”

“அவ்ளோ நேரம் தேடிக் குடுத்தேன். கண்ணுல காட்ட மாட்டியா?”

மச்சான் என்ஜினை ஓட விட்டு, ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் காட்டி, “இதப் புடிச்சுப் பாரும்மா” என்றார். அந்த அம்மாள் புடவையில் கையைத் துடைத்துவிட்டுக் குழாயைப் பிடித்தார். அத்தனை பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார்.

“ஓடுது” என்றார். “தண்ணி நல்லா ஓடுது.”

இப்போது யார் எனக்கு ஓர் உதவி செய்தாலும், அதைச் சிரிப்புக் கதையாக்கி ஊரெல்லாம் சொல்வதற்கு முன்னால், எனக்காக அவர் அன்றைக்கு எதை விட்டுக்கொடுத்தார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். அந்தக் கேள்வியை என் மச்சான் கேட்டு, நான் கேட்காமல் போனதுதான் இன்றைக்கும் என்னை நெளிய வைக்கிறது.