பங்காளி சாமான்

பழைய கார் சாமான் விற்கிற கடையில் உண்மையைச் சொன்னால்தான் சண்டை வரும். கல்லாவுக்குப் பின்னால் நின்று பிழைக்கும் சக பாவிகளுக்கு இது புதிதல்ல. மேற்குத் தாம்பரத்தில் என் கடை. பெரும்பாலும் அம்பாசடர் ஸ்பேர் பார்ட்ஸ். டாக்சிக்காரர்களுக்கு நான் ‘அம்பாசடர் பாய்’. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கப் புதுக் கார்கள் ஓடியபோது, சிலருக்குப் பழைய வண்டிப் பைத்தியம் பிடித்தது. அவர்களில் தலையாயவர் கூடுவாஞ்சேரி ஏகாம்பரம் அண்ணன்.

லண்டன் பார்சல்

அண்ணனின் வயல்கள் மனைகளாகி விற்றுப்போன குஷியில், ஏதோ பங்களாவில் கிடந்த இங்கிலீஷ் சொகுசுக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். மரத்தில் டேஷ்போர்டு, தோல் சீட்டு, முகப்பில் கம்பெனிப் பெயருக்குப் பின்னால் எரியும் குட்டி விளக்கு. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு அந்த வண்டியில்தான் என்று சம்பந்தியிடம் வாக்கும் கொடுத்துவிட்டார். வண்டியோ தெருமுனை தாண்டுவதற்குள் கொதித்தது. வாட்டர் பம்ப் போயிருந்தது. அம்பாசடர் பம்ப்பை எடுத்து வைத்தேன். இரண்டு வண்டியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், எஞ்சினும் ஒன்றுதான் என்று விளக்கினேன். டாக்சி சாமானைத் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று முறைத்துவிட்டுப் போனார்.

லண்டனில் இருக்கும் மச்சினர் மூலம் பம்ப் வரவழைத்தார். என்னிடம் காட்டுவதற்கென்றே கடைக்கு வந்து பார்சலைப் பிரித்தார். உள்ளே இருந்த அட்டைப்பெட்டியில் ‘மேட் இன் இந்தியா’ என்று போட்டிருந்தது. அந்த ஊர்ப் பழைய கார்களுக்கும் நம்மிடமிருந்து சாமான் போவது அவருக்கு எப்படித் தெரியும்? நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: “இருக்கட்டும் பாய், லண்டன் போய் வந்த சாமானாச்சே.”

வாய் தவறாத வார்த்தை

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் இரண்டாவது கியர் உடைந்தது. பம்மல் மெக்கானிக் தாஸ் கியர்பாக்ஸைப் பிரித்தார். பல்சக்கரம் ஒன்று பாதிப் பல்லை இழந்திருந்தது. அம்பாசடரில் என்றால் ஆரம்பகால வண்டிகளில் மட்டும் வந்த மாடல் அது. என் கடையிலும் இல்லை, புதுப்பேட்டையில் சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை.

சொகுசு வண்டிக்கும் சாதா வண்டிக்கும் பொதுவான பார்ட்டை எங்கள் கடையில் ‘பங்காளி சாமான்’ என்போம். அந்தப் பழக்கத்தில், இதற்குப் பங்காளியிடம்தான் போக வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் கறுத்தது. பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட நிஜப் பங்காளி ஒருவர் அவருக்கு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. “அவன் வாசல்ல போய் நிக்கிறதுக்குப் பதிலா, மாப்பிள்ளைய ஷேர் ஆட்டோல கூட்டிக்கினு வருவேன்” என்றார்.

ஷெட்டுக்குள்

அவர் போன பிறகு தாஸ் விவரம் சொன்னார். பங்காளியின் பெயர் தாமோதரன், பெரியப்பா மகன், அண்ணனுக்கு அடுத்த தெருவில் வீடு. அவர் ஷெட்டில் ஓடாத ஆதிகால அம்பாசடர் ஒன்று நிற்கிறதாம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அண்ணனிடம் மூச்சுவிடாமல் நானும் தாஸும் கிளம்பினோம்.

தாமோதரன் முதலில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவருக்குக் கல்யாணப் பத்திரிகையே போகவில்லை. யாருக்கு, எதற்கு என்று நான் மறைக்காமல் சொன்னேன். அவர் உள்ளே போய்ச் சாவியோடு வந்து ஷெட்டைத் திறந்தார். தாஸ் அந்த வண்டியின் கியர்பாக்ஸைப் பிரித்தபோது பல்சக்கரம் பழுதில்லாமல் இருந்தது. உடைந்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், அச்சு அசலாக அதேதான். இது யாருடையது என்று அண்ணனிடம் சொல்லலாமா என்று தயங்கிக் கேட்டேன். தாமோதரன் சொன்னார்: “தாராளமா சொல்லு பாய். அவனுக்குப் பொண்ணுன்னா எனக்கும் பொண்ணுதான?”

மாப்பிள்ளை அழைப்பு

அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அவர் உடனே எழுந்தார். தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்து, மனைவியையும் அழைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். நான் அண்ணன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். கண் கலங்கியதை ஏன் மறைக்க வேண்டும்?

அழைப்பன்று முகப்பு விளக்கு எரிய, வண்டி கோயில் மேட்டை இரண்டாவது கியரில் முனகாமல் ஏறியது. பின்சீட்டில் மாப்பிள்ளை, ஸ்டியரிங்கில் தாமோதரன். மேளம் எனக்கே அடித்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னால் நடந்தேன். மண்டப வாசலில் சம்பந்தி வண்டியைத் தடவிப் பார்த்து, இதற்கெல்லாம் லண்டனிலிருந்துதான் சாமான் வர வேண்டுமோ என்று கேட்டார். ஏகாம்பரம் அண்ணன் தாமோதரனின் தோளில் கை போட்டார். “லண்டன்லகூடக் கெடைக்காதுங்க. எங்க பங்காளி குடுத்தாத்தான் இது ஓடும்.”

பிரிந்தவர்களைச் சேர்த்துவைத்த புண்ணியத்துக்கு எனக்குக் கிடைத்த பலன், இப்போது ஒரு போல்ட் வாங்குவதென்றாலும் இரண்டு பேரும் ஜோடியாக வந்து பேரம் பேசுகிறார்கள்.