மாமாவின் பெயர் போட்ட மெசின்

மக்காள், கொரோனாக் காலத்தில் உங்கட உம்மாட வாப்பா, என்ட மாமா, நம்மட பள்ளிவாசலுக்கு ஒட்சிசன் மெசின் ஒன்று கொடுத்தார். பள்ளி ஃபேன்களில் கொடுத்தவர் பெயரை எழுதுவதுபோல அதிலும் தன்ட பெயரை எழுதினார். பிறகு நோய் வருத்தம் ஒன்றுமில்லாமலே அதைத் தன்ட கட்டிலடியில் வைத்துக்கொண்டார்.

பக்கத்து ஊரான பாண்டிருப்பில் பிள்ளை பெற்ற தாயொருத்தி மூச்செடுக்க முடியாமல் கிடக்கிறாள் என்று அவள் புருஷன் மாமாட வீட்டு வாசலில் நின்று அழுதான்.

"கொடுங்க மாமா."

"நாளைக்கு எனக்கு வந்தா? அதில ஆர்ர பேர் கிடக்கு, மருமகன்?"

"பேரா மாமா மூச்சு விடும்?"

பறித்துக்கொண்டே போனேன். அவள் பிழைத்தாள், அல்ஹம்துலில்லாஹ். மாமா இன்னும் என்னோடு கதைப்பதில்லை. கொடுத்த பிறகும் 'என்ட' என்றால் அது என்ன கொடை?

மெசின் பள்ளிக்கே திரும்பி வந்ததும், அந்தப் பெயரைச் சுரண்ட பிளேடோடு தனியாக அங்கே போனேன். அண்ணாந்து பார்த்தால் ஃபேனில் என்ட பெயர். ஏணி வைத்து அதைத்தான் முதலில் சுரண்டினேன்.