சுவோ மாஸ்டர் காக்கும் தரை

சுவோ மாஸ்டர் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும் முன் வாசலில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். கல் ஏதாவது மாட்டியிருந்தால் குச்சியால் நெம்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மறுநாள் காலை அதைத் தான் காக்கும் தரைக்கே கொண்டுபோய் விட்டுவிடுவார். நான் இங்கே சமைக்க வந்து பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. அவர் ஒரு கல்லை வெளியே எறிந்து நான் பார்த்ததில்லை.

"ஒரு கல்லுக்கா மாஸ்டர் இந்தப் பாடு?" என்று லாரிக்காரர்கள் சிரிப்பார்கள்.

"உன் வாயில ஒரு பல்லு போனா சும்மா விட்டுடுவியா?" என்பார்.

அவரும் முன்பு லாரி ஓட்டியவர்தான். மனைவி நகரத்தில் முலாம்பழம் விற்கிறார். இவர் காவல் காக்கும் இடத்தில் திருட ஒன்றுமில்லை. சீனாவின் கோபிப் பாலைவனத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறக் கூழாங்கல், புல்கூடக் கிடையாது. எதுவும் மாறாத இடம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். செயற்கைக்கோள் மேலே போகும்போது இந்தத் தரையைப் பார்க்கும். அதே நேரத்தில் எங்கள் ஆட்கள் கீழே நின்று அளப்பார்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் கோளின் கண் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

"மேல இருக்கிற கண்ணு மங்கிப்போச்சுன்னு வை, அழியாத காட்டை அழிஞ்சுதுன்னு சொல்லும். பனி நிஜமாவே உருகுறப்ப பேசாம இருக்கும். அது பொய் சொல்லாம இருக்கணும்னா என் தரை மாறக்கூடாது தங்கச்சி" என்று முதல் வாரமே எனக்குச் சொன்னார். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கும் புரிந்தது. ஒட்டகம் வந்தால் விரட்டுவார். ஜீப் வந்தால் குறுக்கே படுத்துக்கொள்வார். உள்ளே போனால் தன் பழைய காலடித் தடத்திலேயே கால் வைத்துத் திரும்புவார்.

போன ஆகஸ்டில் புதுக் கோள் ஒன்றைச் சரிபார்க்கப் புதுக் குழு வந்தது. முதல் நாளே கணக்கு இடித்தது. சிவப்பு நிறத்தில் மட்டும் தரை இருண்டுவிட்டதாகக் கருவி காட்டியது. குழுத் தலைவர் யின் தட்டைத் தள்ளி வைத்தார்.

"தரை மாறியிருக்கு மாஸ்டர். யாரோ உள்ள வண்டி விட்டிருக்காங்க."

"இருபத்திரெண்டு வருஷமா ஒரு சைக்கிள்கூட உள்ள போனதில்ல!"

"நாளன்னைக்குக் கோள் திரும்ப வரும். அன்னைக்கும் இப்படியே இருந்தா, இந்த இடம் இனி ஆகாதுன்னு எழுதி அனுப்பிடுவேன்."

மறுநாள் முழுவதும் சுவோ மாஸ்டர் தரையின் ஓரத்தைச் சுற்றி நடந்தார். ஒரு சக்கரத்தடமும் இல்லை. அன்று அவர் சாப்பிட வரவில்லை.

கோள் வரவேண்டிய காலையில் நான் நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். வெள்ளைப் பலகை பிடிக்கும் பெண் ஷியா, ரொட்டி எடுக்க என் மேல் குனிந்தாள். முதலில் இந்தப் பலகையை அளந்து, அதோடு ஒப்பிட்டுத்தான் தரையை அளப்பார்கள். ஜன்னல் வெயில் அவள் சட்டையில் பட்டு மேசைமேல் விழுந்தது. என் மாவு ஆரஞ்சு நிறமானது! அவள் விலகினாள், மாவு வெளுத்தது. மறுபடி குனிந்தாள், மறுபடி ஆரஞ்சு. குழு முழுவதும் புத்தம்புது ஆரஞ்சு மேல்சட்டைதான் போட்டிருந்தது.

பெரியவர்கள் முன் எனக்குப் பேச்சு வராது. மாவுக் கையோடு வாசலில் இருந்த சுவோ மாஸ்டரிடம் ஓடினேன்.

"அண்ணே, உள்ள வாங்க. மாவைப் பாருங்க. பலகையும் வெள்ளைதானே?"

அவர் பார்த்தார். "ஷியா, நகராதே! யின் சார்! யின் சார்!"

"இப்ப சமையல்கட்டுலதான் ஆராய்ச்சியா?" என்று யாரோ கேலி செய்தார். யின் சிரிக்கவில்லை. மாவையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன வருஷம் வந்தவங்க என்ன போட்டிருந்தாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கறுப்பு. நான்தான் துவைச்சேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அப்ப பலகைதான் சிவப்பை வாங்கியிருக்கு. அதோட ஒப்பிட்டதால தரை இருட்டாத் தெரிஞ்சிருக்கு!" என்று யின் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மணி பத்து. பதினொன்னு இருபதுக்குக் கோள் வந்துடும். கறுப்புத் துணிக்கு எங்க போறது?"

சுவோ மாஸ்டர் தன் அறைக்கு ஓடி, காவலுக்கு வருடந்தோறும் கிடைத்த, ஆட்டுரோமம் வைத்த கறுப்புக் குளிர்க்கோட்டுகளை அள்ளி வந்தார். ஆகஸ்ட் வெயிலில்!

"மாஸ்டர், ஆட்டு நாத்தம் குடலைப் புடுங்குது!" என்றாள் ஷியா.

"அளந்து முடிக்கிறவரைக்கும் மூச்சு விடாதே, போ!"

பதினொன்று இருபதுக்கு நான் படியில் நின்று வானத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் சுவோ மாஸ்டர் வாசலில் ஒரு காலணியைக் கழற்றியிருந்தார். யின் திறந்த மடிக்கணினியோடு ஓடி வந்தார்.

"ஒத்துப்போச்சு மாஸ்டர்! மேலயும் கீழயும் ஒரே கணக்கு! உங்க தரை அப்படியே இருக்கு!"

"நான்தான் சொன்னேனே!" ஒற்றைக் காலணியோடு மனிதர் குதித்தார். ஷியா என்னைக் கட்டிக்கொண்டாள். நிஜமாகவே ஆட்டு நாற்றம்தான்.

சுவோ மாஸ்டருக்கு இப்போது அறுபத்தொன்று. இன்னும் அவர்தான் காவல். அளப்பவர்கள் கறுப்பு உடுத்துகிறார்கள். ஆரஞ்சுச் சட்டை ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். தண்ணீர் பிடிக்க லாரிக்குப் போகும்போது போட்டுக்கொள்கிறேன்.