ஹோர்ன் வளையம்

நான் வீட்டு வேலைக்குப் போகும் கிழவரை, இந்த ஊர்ப் பாஷையில் ஐயா என்பதுபோல, சிஞ்ஞோரே என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் பழைய அமெரிக்கக் கார் ஒன்று உண்டு. நாங்கள் இருக்கும் அல்பெர்கேரியாவில் எங்கள் ஒழுங்கைக்குள் திருப்பவே முடியாத நீளம். கிழவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. இந்தக் கோடைக்குப் பிறகு வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு தடவையாவது மொண்டெல்லோக் கடற்கரைக்கு அதை ஓட்டிப் போக வேண்டும், அவருக்கு அவ்வளவுதான் ஆசை. ஆனால் ஸ்டியரிங்கில் ஹோர்ன் அடிக்கும் அரைவட்ட வளையம் தொலைந்து போயிருந்தது. அது இல்லாமல் வண்டியை வெளியில் எடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

போனில் தேடுவது என் வேலையாகிவிட்டது. நிலம் துடைத்து முடிந்ததும், அமெரிக்காவில் பழைய பாகங்கள் விற்பவர்களின் படங்களைப் பெரிதாக்கிக் காட்டுவேன். கதவுக் கைபிடி, ரேடியோக் குமிழ் எல்லாம் கிடைத்தன. வளையம் மட்டும் போக்குக் காட்டியது. புதிதாக வார்த்த ஒன்றை வரவழைத்தோம். கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரிஜினாலே இல்லை," அசல் இல்லை என்று தள்ளி வைத்துவிட்டார்.

நடுவில் ஒரு நட்சத்திரமும் அதன் இரு பக்கமும் மும்மூன்று வெட்டும் இருக்க வேண்டுமாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஹோர்ன் அடிக்க எது இருந்தால் என்ன?

அந்த வெள்ளிக்கிழமை, இங்குள்ள தமிழ்ச் சனம் நாங்கள் கோயிலாக வைத்திருக்கும் மாடி அறையில் பூசை. உணவகச் சமையலறையில் வேலை செய்யும் அண்ணர் ஒருவர்தான் எங்களுக்குப் பூசகர். அவர் கற்பூரத்தைக் காட்ட, பிள்ளையாருக்குப் பின்னால் அரைவட்டமாக இருந்த திருவாசி மினுங்கியது. நடுவில் நட்சத்திரம். இரு பக்கமும் மும்மூன்று வெட்டு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருடமாக இதைத்தானே கும்பிட்டேன்!

"அண்ணை, இந்தத் திருவாசி எங்காலை?"

"பலாரோச் சந்தையிலை பழஞ்சாமான் விக்கிறவனிட்டை வாங்கினது, தங்கச்சி. ஏன்?"

போனில் வைத்திருந்த, அதே மாதிரிக் காரின் ஸ்டியரிங் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அண்ணர் படத்தையும் பிள்ளையாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட கடவுளே, கார்ச் சாமானே இது! எண்டாலும் சாமிக்கு வைச்சதை நானா எடுத்துத் தரேலாது. பூப்போட்டுக் கேப்பம்."

சிவப்புப் பூ ஒன்றையும் வெள்ளைப் பூ ஒன்றையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சந்நிதியில் வைத்தார். வெள்ளை வந்தால் கொடுக்கலாம். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை. அழுதுவிட்டேன்.

சிஞ்ஞோரேக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கையில் கொடுத்தேன். விரலால் தடவினார். உடனே மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னார். மெக்கானிக் வந்து அதை ஸ்டியரிங்கில் பூட்டினார்.

மொண்டெல்லோவில் கடல் தெரிந்ததும் சிஞ்ஞோரே வளையத்தை அழுத்தினார். வீதியே திரும்பிப் பார்க்கும் சத்தம். பக்கத்து இருக்கையில் இருந்த நான் என்னை அறியாமல் கைகூப்பிவிட்டேன்.

கரையில் நிறுத்திய பிறகுதான், நட்சத்திரத்தின் இடுக்கில் காய்ந்திருந்த சந்தனம் என் கண்ணில் பட்டது. வெட்கமாகப் போய்விட்டது. துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு," என்றார். "ஒரிஜினாலே."