பதினோரு நிமிடப் பதில்

பதினொன்று இருபதுக்குக் கேட்ட கேள்விக்குப் பதினொன்று முப்பத்தொன்றுக்குப் பதில் வந்தது.

"அந்த வளைவுல ரெண்டாவது கியருக்கு இறங்கியிருக்கணும்க்கா."

அந்த வளைவு மூன்று தெருவுக்கு அப்பால் போய்விட்டிருந்தது. அங்கே கார் திணறி நின்றதும், பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனிலேயே, ஓட்டப் பழகிக்கொண்டிருந்த நர்ஸின் ஏழு தலைமுறையையும் விசாரித்து முடித்துவிட்டார். அவ்வளவு நேரமும் பக்கத்து இருக்கையில் பைலட், மடியில் ஒரு சின்ன நோட்டை விரித்து, அவள் கேட்ட கேள்வியையும் கேட்ட நேரத்தையும் எழுதிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பதில் அவனுக்குத் தெரியும். நேரம்தான் ஆகவில்லையாம்.

பைலட் என்பது தெரு வைத்த பெயர். ஆள் விமானத்தில் ஏறியதுகூட இல்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறான். ஒரு அறை, ஒரு மேசை, கதவில் கீறல் விழுந்த ஒரு வெள்ளைக் கார். சாலைக் குறிகள் தொங்கவேண்டிய சுவரில் செவ்வாய் கிரகத்தின் சிவப்பு மண்ணும், அதில் நாலு ஒல்லிக் காலை ஊன்றி நிற்கும் ஒரு குட்டி ஹெலிகாப்டரும் படமாகத் தொங்குகின்றன. சாலைக் குறிகளைக் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறான். படிக்க வேண்டியவர்கள் அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம்.

அந்த ஹெலிகாப்டர் இரண்டு கிலோகூடத் தேறாது. "நம்ம காத்துல நூத்துல ஒரு பங்குதான்க்கா அங்க இருக்கு. அதுல ஏறிப் பறந்திருக்கு. அஞ்சு தடவை பறந்தாப் போதும்னுதான் அனுப்புனாங்க. எழுபத்திரண்டு தடவை!" எழுபத்திரண்டு என்று சொல்லும்போது, சொந்த மகளின் மதிப்பெண்ணைச் சொல்பவனைப் போல அவன் குரல் கம்மிவிடும். இங்கிருந்து சொல்வது அங்கே போய்ச் சேரப் பல நிமிடம் ஆகும் என்பதால் அதைக் கூடவே இருந்து யாரும் ஓட்ட முடியாது. சொல்லி அனுப்பியதை வைத்துக்கொண்டு அதுவே தரையைப் பார்த்துப் பறந்து, அதுவே இறங்க வேண்டும். இதைப் படித்த அன்று பைலட்டுக்கு ஞானம் பிறந்தது: கார் ஓட்டப் பழகுபவர்களுக்கும் பதில் அப்படித் தாமதித்துத்தான் போய்ச் சேர வேண்டும். கிரகங்கள் நகர நகர அந்த நேரம் கூடும், குறையும். அவன் பதினொன்று என்று நிலையாக வைத்துக்கொண்டான். மாட்டிக்கொண்டவள் நர்ஸ்.

"அது மெஷின்பா. எனக்கு உசிருன்னு ஒண்ணு இருக்கு."

நோட்டில் ஏறியது.

"உன் காலுகிட்டயும் ஒரு பிரேக் இருக்கே, அது எதுக்குத்தான் இருக்கு?"

அதுவும் ஏறியது. பதினோரு நிமிடம் கழித்து, காய்கறி வண்டிகளுக்கு நடுவே அவள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தபோது, சாவகாசமாகப் பதில் வந்தது: "அது இல்லைன்னு நெனச்சுக்கோங்க."

அவளுக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடம் வார்டில் நின்றே முழங்கால் தேய்ந்துவிட்டது. வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கும் வேலை ஒன்று அவளுக்கென்றே காலியாக இருந்தது. காரும் அவர்களே தருகிறார்கள். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்டினால் வேலை அவளுக்கு; இல்லையென்றால் அடுத்தவளுக்கு. ஏற்கெனவே இரண்டு முறை தேர்வில் கோட்டைவிட்டாயிற்று. இரண்டு முறையும் அவளைக் கவிழ்த்தது மைதானத்தின் கோடியில் இருக்கும் மேடு. பாதி ஏற்றத்தில் காரை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். பழைய பள்ளிக்காரர் "கிளச்! கிளச்!" என்று காதுக்குள் கத்திக்கொண்டே இருப்பார்; தேர்வில் கத்த ஆளில்லாமல் போனதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. அவர் வேண்டாம் என்றுதான் இங்கே வந்தாள். கத்தாத ஆள் கேட்டாள், கிடைத்துவிட்டான்.

வீட்டுக்குப் போனாலும் நிம்மதி இல்லை. "அம்மா, இதப் பாத்தியா? ச்சோ ச்வீட்!" என்று மகள் கைபேசியை நீட்டுவாள், அதிலும் அதே ஹெலிகாப்டர். பள்ளிப் பிள்ளைகள் அதற்கு வாழ்த்து அட்டை வரைகிறார்கள். செய்தி வாசிப்பவர் அதை 'நம் குட்டி வீரன்' என்கிறார். மருத்துவமனை லிஃப்டில் இரண்டு டாக்டர்கள் அதைப் பற்றி உருகியதில் இறங்க வேண்டிய மாடியைத் தாண்டிப் போனார்கள். நர்ஸுக்கு வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது. புண்ணைக் கழுவி, பீயை அள்ளி, ராத்திரி பகல் பார்க்காமல் ஓடிய இரண்டு காலுக்கு இந்த உலகத்தில் ஒருத்தராவது கைதட்டியிருக்கிறார்களா?

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவள் போனால் பள்ளி பூட்டிக் கிடந்தது. 'இன்று வகுப்பு இல்லை' என்று ஒரு தாள். போன் செய்தாள்.

"மனசு சரியில்லக்கா. ஹெலிகாப்டரோட இறக்கை ஒடிஞ்சிடுச்சு. வெறும் மணல்ல இறங்கியிருக்கு, அடையாளம் பாக்க ஒரு கல்லுகூட இல்ல. எங்க இருக்கோம்னே தெரியாமப் போயிடுச்சு அதுக்கு. இனி பறக்காது."

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "தம்பி, எங்க வார்டுல நேத்து ரெண்டு பேரு போயிட்டாங்க. நான் லீவு போடல. வந்து கதவைத் தொற."

வந்து திறந்தான். கண் சிவந்திருந்தது. அன்று மேட்டுப் பயிற்சி. எட்டு முறை கார் பின்னால் உருண்டது. எட்டு முறையும் அவன் நோட்டில் நேரத்தைக் குறித்ததோடு சரி. ஒன்பதாவது முறை, திட்டுவதற்குக் கூட ஆளில்லாத கடுப்பில், என்ஜின் முனகுவதைக் கேட்டு அவளே காலை மெல்ல எடுத்தாள். கார் ஏறியது. "ஏறிடுச்சு!" என்று கத்தினாள். அவன் அதையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டான். அந்த நோட்டைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசலாமா என்று இருந்தது அவளுக்கு.

தேர்வு நாளில் அதிகாரி வாய் திறக்காத மனிதராக வந்தார். பயிற்சி தந்தவர்கள் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். எட்டுப் போட்டாள், பின்பக்கமாக நிறுத்திக் காட்டினாள், மேட்டுக்கு வந்தாள். பாதியில் நிறுத்தச் சொல்லி அதிகாரி கையைக் காட்டினார். நிறுத்தினாள். கிளப்பும்போது கார் ஒரு சாண் பின்னால் போயிற்று. "போடா பைலட்டு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு என்ஜினின் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். முனகல் மாறியது. காலை எடுத்தாள். கார் மெதுவாக, யாரையும் கேட்காமல், மேட்டின் மேல் ஏறி நின்றது. அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டு, "போங்கம்மா, ஆச்சு" என்றார்.

தாளைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே வந்தாள். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தாள். பைலட் ஒரு குட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கண்ணையும் இறுக்க மூடியிருந்தான். மைதானத்தில் அடுத்த ஆளின் கார் ஓடிக்கொண்டிருந்தது. அது அவனுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

"தம்பி, பாஸ் பண்ணிட்டேன்."

அவன் அசையவில்லை. அவள் கீழே பார்த்தாள். அவனுடைய வலது செருப்பு சரளைக் கல்லை அழுத்தி அழுத்தி, உள்ளங்கை ஆழத்துக்குக் குழி பறித்திருந்தது. இன்னமும் அந்தக் கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

அவள் குனிந்து அவன் முழங்காலைத் தட்டினாள். "மேடு ஏறியாச்சுப்பா. காலை எடு."