வகுப்பாசிரியைக்கு மூன்று கடிதங்கள்

அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்ப வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்ததை வேறொரு ஆளிடம் கொடுத்தனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். துறைமுக அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வுபெற்ற எனக்கு இந்த விதி தூக்கத்திலும் வரும். எனக்கு முன்பு அதே அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பாவுக்கும் அப்படித்தான். இருந்தும், எனக்கு ஒன்பது வயதில், என்னைப் பற்றி வகுப்பாசிரியைக்கு எழுதிய மூன்று கடிதங்களையும் அவர் என் கையிலேயே கொடுத்தனுப்பினார். இந்தப் பிள்ளை கையில் கொடுத்ததையெல்லாம் தொலைக்கிறது என்பதுதான் அந்தக் கடிதங்களின் பொருள்.

நான் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை. இன்று அதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். அன்று ராயபுரத்தில் அதற்கு வாலு என்று பெயர். பள்ளி திறந்த முதல் வாரத்தில் அம்மா என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அப்பாவும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். அங்கிருந்த டாக்டரம்மா நான் அவருடைய மேஜை மணியை ஏழு முறை அடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு, இதற்கு ஒரு மாத்திரை உண்டு என்றார். பசி குறையலாம், தூக்கம் கெடலாம். சிறிய அளவில் ஒரு மாதம் கொடுத்துப் பார்க்கலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடலாம். ஆனால் வீட்டில் பார்ப்பது மட்டும் போதாது, வகுப்பில் பிள்ளை எப்படியிருக்கிறாள் என்று ஆசிரியையும் எழுதித்தர வேண்டும். அம்மா உடனே சரி என்றார். அப்பா, பரிசீலித்துச் சொல்வதாகச் சொன்னார்.

பள்ளிக்கு எழுதும் எதுவும் மாணவி வழியாகவே வர வேண்டும் என்று எங்கள் நாட்குறிப்பில் அச்சிட்டிருந்தது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா சொன்ன குறிப்பைக் கேட்டு எழுதிய கடிதங்களை என்னிடமே கொடுத்தார். முதல் கடிதத்தில் நான் மாங்காய்க் கீற்றுக்கான மிளகாய்ப்பொடியை மடித்துக்கொண்டேன். இரண்டாவதை மாதா கோயில் தீர்த்தத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுப் புறாக்களை எண்ணப் போனேன். மூன்றாவது எங்கும் போகவில்லை. என் பையின் அடியிலேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் மாலையில் அப்பா, "குடுத்தியா?" என்று கேட்டார். கேட்டபோதுதான் எனக்கு ஞாபகம் வரும். "குடுத்தேன்பா" என்பேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார்.

பதில் வரவில்லையா என்று அம்மா கேட்கும்போதெல்லாம், நினைவூட்டல் போயிருக்கிறது என்பார் அப்பா. என் காதுபட அவர் விதியை விட்டு அம்மாவிடம் பேசியது ஒரே ஒரு முறைதான். "இவ சும்மா குந்திகினா அப்பால இந்த வூட்டுல இன்னா சத்தம் கீது?" என்றார். சத்தம் குறைவது நல்லதுதானே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அப்பா என் பென்சில்களைச் சீவுவதற்காகப் பையைக் கவிழ்த்தார். மூன்றாவது கடிதம் அவர் மடியில் விழுந்தது. நான் கட்டிலுக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எடுத்தார், திருப்பினார், மடிப்பை நீவினார். பிறகு, இருந்த இடத்திலேயே, பையின் அடியில், வைத்தார். அவருக்கு அது என்ன காகிதம் என்று தெரியவில்லை, தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த வாரமே, துறைமுகச் சாலையில் வரிசையாக நின்ற லாரிகளின் எண்களைப் படித்துக்கொண்டே போனவள், ஒன்றின் அடியில் புகுந்து மறுபக்கம் போகப் பார்த்தேன். வரிசை நகரத் தொடங்கியிருந்தது. ஒரு கிளீனர் என் பின்னலைப் பிடித்து இழுத்து, வீடு விசாரித்துக் கொண்டுவந்து விட்டான். "யம்மா, இது உன் பொண்ணா? வண்டிக்கு அடில பூந்து அந்தாண்ட போவுது. நைனாகிட்ட சொல்லி கட்டி வையி."

அம்மா அழவில்லை. கோபம் முற்றினால் அவருக்கு அப்பாவிடம் 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். "லாரிக்காரன் இன்னா, உன் ரூலைப் படிச்சிட்டா பிரேக் போடுவான்? மாத்திர ஒத்துக்கலன்னா நிறுத்திக்கலாம். இத இன்னா பண்ணுவ?"

மறுநாள் காலை அம்மாவே பள்ளிக்குப் போனார். கடிதம் ஒன்றுகூட வரவில்லை என்று ஆசிரியை சொன்னார். அம்மா கேட்டதும் அங்கேயே உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை என்னை வேறு பிள்ளையாக்கவில்லை. மதியச் சோற்றைக் கொஞ்ச நாள் ஒதுக்கினேன், அளவைக் குறைத்தார்கள். தொடங்கிய கணக்கை முடிக்கும்வரை உட்கார முடிந்தது. வீட்டில் சத்தம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

கடிதங்கள் எங்கே என்று அப்பா என்னைக் கடைசிவரை கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்றே அன்று நம்பினேன். பிறகு நானும் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒரு கோப்பு நகரக்கூடாது என்று நினைப்பவர் அதைக் கிழிப்பதில்லை, எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கிறார் என்று கற்றுக்கொள்ளப் பல வருடங்கள் ஆயின. மாத்திரை என்னை வேறு பிள்ளையாக்கிவிடும் என்று அவர் பயந்திருக்கிறார்; கடிதம் நகராமல் இருந்தால் நான் நானாகவே இருப்பேன் என்று நினைத்திருக்கிறார்.

ஆசிரியையின் காகிதம் இப்போது என்னிடம் இருக்கிறது. அன்று மாலை அம்மா அதை நீட்டியபோது, அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, பேனாவைத் திறந்து, வழக்கம்போல இடது மூலையில் எழுதினார்: பெறப்பட்டது, ஜூலை 18, வியாழக்கிழமை.